‘வௌவால்’ ஆபரெட்டாவை முதன்முறை எந்தப் பதிப்பில் பார்ப்பது?

இளைய யோஹான் ஸ்ட்ராவுஸ் இசையமைத்த ‘டி ஃப்ளெடர்மவுஸ்’ (அதாவது ‘வௌவால்’) என்ற ஆபரெட்டா, பாட்டோடு வசனமும் கலந்த நகைச்சுவை இசைநாடகம், 1874 ஏப்ரல் 5 அன்று வியன்னாவின் தியேட்டர் ஆன் டெர் வீன் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. ஆண்டின் கடைசி இரவுக்கு இதுவே உரிய நாடகம் என்பது வியன்னாவில் காலப்போக்கில் வழக்கமாகிவிட்டதால், தொலைக்காட்சி வந்த பிறகு அந்த இரவில் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதைப் படமாக எடுப்பதும், அரங்கிலிருந்து நேராக ஒளிபரப்புவதும் பல நாடுகளில் நடந்தன. அவற்றில் ஐந்து பதிப்புகளை நான் முழுவதுமாகப் பார்த்திருக்கிறேன். கதையும் இசையும் ஒன்றுதானே, எதைப் போட்டால் என்ன என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள், நானும் ஏமாந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் 31 இரவு, ஊரிலிருந்து வந்திருந்த அத்தைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குமாக இதைப் போட்டேன். இரண்டாம் அங்கத்தில் கதாநாயகன், பாதி முகத்தை மூடிய முகமூடி அணிந்து எதிரே அமர்ந்திருக்கும் தன் மனைவியையே ஹங்கேரி நாட்டுச் சீமாட்டி என்று நம்பிக் காதல் மொழி பேசிக்கொண்டிருந்தான். சப்டைட்டிலைப் பிள்ளைகள் படித்துச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, “கட்டின பொண்டாட்டியையே அடையாளம் தெரியலையா இவனுக்கு? நல்ல கதைடா” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு வந்த நாயகனைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் போன படங்களையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்தவர் அவர். ஆகவே குறை கதையில் இல்லை, நான் தேர்ந்தெடுத்த பதிப்பில்தான் இருந்தது என்று எனக்குப் புரியச் சிறிது காலம் ஆயிற்று. அவர் கேட்ட அதே கேள்வியை அளவுகோலாக வைத்துத்தான் ஐந்தையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐசென்ஸ்டைன் வசதியான மனிதன். அரசு அதிகாரி ஒருவரை அவமதித்ததற்காக அவனுக்கு ஐந்து நாள் சிறை. திக்குவாய் வக்கீலின் திறமையால் அது எட்டு நாளாகிவிடுகிறது. அன்றிரவே சிறைக்குப் போக வேண்டியவனை அவன் நண்பன் டாக்டர் ஃபால்கே, விடிந்தபின் சிறைக்குப் போனால் போதும், இரவு இளவரசர் ஓர்லோஃப்ஸ்கி மாளிகை விருந்துக்கு வா என்று ஆசை காட்டி அழைக்கிறான். அந்த அழைப்புக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. முன்பொரு முறை மாறுவேட விருந்து முடிந்து திரும்புகையில், வௌவால் வேடத்தில் குடிமயக்கத்தில் கிடந்த ஃபால்கேயை ஐசென்ஸ்டைன் வழியிலேயே விட்டுவிட்டுப் போனான். பட்டப்பகலில் ஊரே பார்த்துச் சிரிக்க அந்த வேடத்தோடு வீடு போய்ச் சேர்ந்த ஃபால்கே, அதற்குப் பழிவாங்கத்தான் இந்த விருந்தையே ஒரு பொறியாக அமைக்கிறான். ஐசென்ஸ்டைன் பிரெஞ்சுப் பிரபு என்ற பெயரில் அங்கே வருகிறான். வேலைக்காரி அடேல், எஜமானியின் உடையை உடுத்திக்கொண்டு நடிகை என்ற பெயரில் வருகிறாள். சிறை அதிகாரி ஃபிராங்கும் வேறொரு பிரெஞ்சுப் பெயரில் வருகிறார். மனைவி ரோஸலிண்டே முகமூடியோடு வருகிறாள். இதற்கிடையே, ரோஸலிண்டேயைத் தேடி வீட்டுக்கு வந்த பழைய காதலன் ஆல்ஃப்ரெட், ஐசென்ஸ்டைனின் வீட்டங்கியை மாட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்த நேரத்தில், இவன்தான் வீட்டுக்காரன் என்று அவனைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் அடைத்துவிடுகிறார்கள். மூன்றாம் அங்கத்தில் விடியற்காலை எல்லோரும் அந்தச் சிறையில் வந்து குவிகிறார்கள். எல்லாப் பழியும் கடைசியில் ஷாம்பெய்ன் மேல் போடப்படுகிறது.

வேடம் போட்டவர்களே நிறைந்த நாடகம் இது. அதோடு, ஒவ்வொருவரும் தம் பொய்யைப் பாட்டால்தான் நிரூபிக்கிறார்கள். அடேலைப் பார்த்து ‘எங்கள் வீட்டு வேலைக்காரி போல இருக்கிறாளே’ என்று ஐசென்ஸ்டைன் சொல்லும்போது, இப்படிப்பட்ட கையும் காலும் இடையும் ஒரு வேலைக்காரிக்கு வாய்க்குமா என்று அவள் சிரிப்பையே சுரமாக்கிப் பாடி அவனை வாயடைக்கிறாள். ஹங்கேரிக்காரி என்பதை நம்பாதவர்களுக்காக ரோஸலிண்டே, கண்ணில் நீர் வரவழைக்கும் ஒரு சார்டாஷ் (ஹங்கேரி நாட்டு நடன மெட்டு) பாட்டில் ‘தாய்நாட்டை’ நினைத்து ஏங்குகிறாள். அந்த ஏக்கம் முழுவதும் பொய், பாட்டு மட்டும் உண்மை.

மேடையில் இது எடுபடுவதற்குத் தூரம் ஒரு காரணம். மாடத்தில் இருந்து பார்ப்பவருக்குப் பாதி முகமூடியே முழு மறைப்பாகத் தெரியும். தொலைக்காட்சியில் அந்தத் தூரம் இல்லை. கேமரா நெருங்கியவுடன் முகமூடிக்குப் பின்னால் இருப்பது யாரென்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவனுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்ற கேள்வியும் எழுகிறது. இதற்கு நேர்மாறான இடமும் ஒன்று உண்டு. பெண்களை மயக்க ஐசென்ஸ்டைன் எப்போதும் மணியடிக்கும் ஒரு சிறிய பையடக்கக் கடிகாரத்தைக் காட்டுவான், ஆனால் யாருக்கும் கொடுக்க மாட்டான். இரண்டாம் அங்கத்துக் கடிகாரப் பாட்டில், ‘உன் இதயத் துடிப்பை இதை வைத்து எண்ணிப் பார்க்கலாமா’ என்று ஆரம்பித்து, இவள் துடிப்பை அவனும் அவன் துடிப்பை இவளும் எண்ண, எண்ணிக்கை குழம்பிச் சிதறும் நேரத்தில் கடிகாரம் அவள் கைக்கு மாறிவிடுகிறது. பிறகு சிறையில் அவனை மடக்க அவளிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பொருள் மாடத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. திரையில் அதைக் கண்ணுக்கு நேரே காட்டிவிடலாம். ஆகவே முகமூடியில் கேமரா இழப்பதைக் கடிகாரத்தில் ஈடுகட்டிக்கொள்ள முடியும். எந்தப் பதிப்பு அதைச் செய்கிறது என்று பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

முதலாவது, 1972இல் ஓட்டோ ஷெங்க் இயக்கிய தொலைக்காட்சிப் படம். கார்ல் போம் நடத்த வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்கிறது. எபர்ஹார்ட் வெஹ்டர் ஐசென்ஸ்டைன், குண்டுலா யானோவிட்ஸ் ரோஸலிண்டே, ரெனாட்டே ஹோல்ம் அடேல். பாட்டை முன்பே ஒலிப்பதிவு செய்துகொண்டு, பிறகு அரங்க அமைப்புகளில் வாயசைத்துப் படமாக்கினார்கள். நம் சினிமாவில் பிறந்து வளர்ந்த கண்ணுக்கு இது கொஞ்சமும் உறுத்தாது. மேடைப் பதிவையே பார்த்துப் பழகிய ஐரோப்பிய ரசிகர்களில் சிலருக்குத்தான் உதட்டுக்கும் குரலுக்கும் இடையே உள்ள இடைவெளி தெரிகிறது. ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே வாயசைப்பவரும் பாடியவரும் ஒரே ஆள். அதனால் மேல்ஸ்தாயிக்கு மூச்சைத் திரட்ட வேண்டிய கட்டாயம் இல்லாமல், பாடுகிறவர் தன் முகத்தை நடிப்புக்கே விட்டுவிட முடிகிறது. யானோவிட்ஸின் குரல் தெளிந்த நீரோடை போன்றது. பலர் அவரை உணர்ச்சி குறைந்தவர் என்பார்கள், ஆனால் முகமூடிக்குப் பின்னால் கோபத்தை அடக்கிக்கொண்டு கணவனோடு சரசமாடும் மனைவிக்கு அந்தக் குளிர்ச்சிதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்வையாளர்கள் யாரும் அரங்கில் இல்லை, கைதட்டல் இல்லை, பாட்டு முடிந்ததும் வசனம் உடனே தொடர்கிறது. கதையைப் பின்தொடர்வதற்கு இதைவிட இடையூறு இல்லாத பதிப்பு இந்த ஐந்தில் இல்லை. இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்தும் விடுகிறது.

இதில் ஒரு குறையை மறைக்கக் கூடாது. எழுபதுகளின் ஸ்டூடியோ வெளிச்சத்தில் எல்லாமே மெழுகுப் பொம்மைக் கண்காட்சி போல மினுங்குகிறது. விருந்து மாளிகையில் யாரும் உண்மையில் குடித்ததாகத் தெரியவில்லை. போம் நடத்தும் வேகமும் கண்ணியமானது. எழுபத்தெட்டை நெருங்கிய அந்தப் பெரியவர் மூன்று தட்டு நடன இசையான வால்ட்ஸை ஆடவிடுகிறார், துள்ளவிடுவதில்லை.

துள்ளலை விரும்புபவர்களுக்கு இரண்டாவது பதிப்பு. 1980களின் பின்பாதியில் மியூனிக்கின் பவேரிய அரசு ஆபரா அரங்கில், கார்லோஸ் க்ளைபர் நடத்தப் பதிவானது. மேடையை அமைத்தவர் அதே ஓட்டோ ஷெங்க். ஐசென்ஸ்டைனாகப் பாடுபவரும் அதே வெஹ்டர். ஒரே இயக்குநரையும் ஒரே நாயகனையும் பதினான்கு பதினைந்து ஆண்டு இடைவெளியில், ஒருமுறை கேமராவுக்காகவும் ஒருமுறை அரங்குக்காகவும் பார்க்கக் கிடைப்பது அரிது. 1972இல் வெஹ்டருக்கு நாற்பத்து மூன்று வயது, மியூனிக்கில் ஐம்பதைத் தாண்டிவிட்டார். குரலின் பளபளப்பு போய்விட்டது, ஆனால் தொப்பையும் அசட்டுத்தனமும் கூடிய இந்த மனிதன்தான் மனைவியை அடையாளம் காணாத ஐசென்ஸ்டைன் என்று நம்பத் தோன்றுகிறது. இளைஞன் ஏமாந்தால் முட்டாள்தனம். நடுவயது தாண்டியவன் ஏமாந்தால் அது ஆசை.

ஆனால் இந்தப் பதிப்பின் நாயகன் வெஹ்டர் அல்ல. திரை விலகுவதற்கு முன்பே, முன்னிசையின்போது கேமரா இசைக்குழுவின் பள்ளத்துக்குள் இறங்கி க்ளைபரின் மேல் நிற்கிறது. அந்த எட்டு நிமிடங்கள் தனியாகவே ரசிகர்களிடையே புகழ்பெற்றவை. அவர் தாளத்தை அடித்துக் காட்டுவது குறைவு. ஒரு சொற்றொடர் எங்கே வளைய வேண்டும் என்பதைக் கையாலும் தோளாலும் புன்னகையாலும் வரைந்து காட்டிவிட்டு, மற்றதை வாசிப்பவர்களிடமே விட்டுவிடுகிறார். வால்ட்ஸின் இரண்டாவது தட்டு மயிரிழை முன்னதாக விழுவதுதான் வியன்னாவின் அடையாளம் என்று சொல்வார்கள். அதைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வதைவிட அவருடைய மணிக்கட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது எளிது. விருந்துக் காட்சியில் ஸ்ட்ராவுஸின் ‘இடியும் மின்னலும்’ போல்காவைச் சேர்த்து, மேடையையே புரட்டிப் போடுகிறார்கள். கச்சேரியில் பாடகரைவிட மிருதங்கக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ரகத்தைச் சேர்ந்தவர் நீங்கள் என்றால், மேலே படிக்க வேண்டாம், இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு எச்சரிக்கை: இது அரங்கில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு முன்னால் நடந்தது. நடிப்பு கடைசி வரிசைக்கும் எட்டும்படி பெரிதாக்கப்பட்டிருக்கிறது. கேமரா அதை நெருங்கிக் காட்டும்போது புருவத்தின் ஒவ்வொரு ஏற்றமும் சற்று மிகையாகத் தெரியும். கடிகாரம் கைமாறுவதும் அரங்கத்துக்கான சைகையாகவே நடக்கிறது.

மூன்றாவது, 1990 டிசம்பர் 31 அன்று லண்டன் கோவென்ட் கார்டனில் நடந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பதிப்பு. ஆஸ்திரேலிய சோப்ரானோ (பெண்குரலின் மேல்சுருதியில் பாடுபவர்) ஜோன் சதர்லண்ட் அந்த அரங்கிலிருந்து விடைபெற்ற இரவு அது. ஆபரெட்டாவின் விருந்துக் காட்சியில் வெளியிலிருந்து விருந்தாளிகளை அழைத்துப் பாடவைக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு; அன்று லூசியானோ பவரோட்டியும் மாரிலின் ஹார்னும் சதர்லண்டோடு விருந்தாளிகளாக மேடைக்கு வந்தார்கள். சதர்லண்டின் கணவர் ரிச்சர்ட் போனிங் இசையை நடத்தினார். கடைசியில் ‘ஹோம், ஸ்வீட் ஹோம்’ என்ற பழைய பாட்டைப் பாடி அறுபத்து நான்கு வயதில் சதர்லண்ட் விடைபெற்றபோது அரங்கமே எழுந்து நின்றது. பார்க்கும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்யும்.

அத்தைக்கு நான் போட்டுக்காட்டியது இதைத்தான். ஆங்கிலத்தில் பாடுகிறார்களே, எளிதாக இருக்கும் என்று எண்ணினேன். ஆனால் பொறி இறுகிக்கொண்டு வரும் இரண்டாம் அங்கத்தின் நடுவில் கதை நின்றுவிடுகிறது. மூன்று உலகப் பாடகர்கள் வேறு ஆபராக்களிலிருந்து வேறு கதைகளின் பாட்டுகளைப் பாடுகிறார்கள். மொத்த நேரம் மூன்று மணியைத் தாண்டிவிடுகிறது. அவர்கள் யாரென்று தெரிந்தவர்களுக்கு அது வரம். தெரியாதவர்களுக்குக் கல்யாணப் பந்தியில் இலை போட்டுவிட்டு சாம்பார் வராமல் காத்திருக்கும் நேரம். அதற்குள் யாருக்கு யார் மனைவி என்பதே மறந்துபோய்விடுகிறது. முதன்முறை பார்ப்பவர்களுக்கு இதைத் தவிர்க்கச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

நான்காவதுதான் உண்மையில் ‘தொலைக்காட்சி இசைப்படம்’ என்ற சொல்லுக்கு முழுமையாகப் பொருந்துவது. லெனிங்கிராடின் லென்ஃபில்ம் ஸ்டூடியோவில் யான் ஃப்ரீத் இயக்கி 1979இல் வெளியான இரண்டு பாக ரஷ்யப் படம். இவரைச் சோவியத் தொலைக்காட்சியில் இசை நகைச்சுவையின் நம்பகமான கை என்று சொல்லலாம். இரண்டு ஆண்டுகள் கழித்து இசையமைப்பாளர் கால்மானின் ஆபரெட்டா ஒன்றையும் ‘சில்வா’ என்ற பெயரில் படமாக்கினார். முந்தைய மூன்றிலும் இருப்பவர்கள் ஆபரா பாடகர்கள், அவர்கள் நடிக்கவும் செய்கிறார்கள். இங்கே இருப்பவர்கள் நடிகர்கள். பல வேடங்களுக்குப் பாட்டுக்குரல் வேறொருவருடையது. பின்னணிப் பாட்டில் ஊறிய நமக்கு இது சொந்த ஊர்.

ஐசென்ஸ்டைனாக வருபவர் யூரி சோலோமின். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘தெர்சு உஸாலா’ படம் பார்த்தவர்களுக்கு, சைபீரியக் காட்டில் அந்த வேட்டைக்காரக் கிழவரோடு அலையும் ராணுவ அதிகாரியாக அவரைத் தெரிந்திருக்கும். அந்தக் கம்பீரமான மனிதர் இங்கே மீசையை முறுக்கிக்கொண்டு பொய் சொல்லி அலைவதே பாதிச் சிரிப்பு. ஃபால்கேயாக வருபவர் அவருடைய சொந்தத் தம்பி விடாலி சோலோமின். இது தற்செயலாக இருந்தாலும் சரி, திட்டமாக இருந்தாலும் சரி, பழிவாங்கும் கதைக்கு ஓர் அண்ணன் தம்பிச் சண்டையின் செல்லத்தனம் வந்துவிடுகிறது. ஜெர்மன் பதிப்புகளில் ஃபால்கேயின் கேலிக்கு அடியில் ஒரு கசப்பு ஓடும். இங்கே அது இல்லை, வீட்டுத் திண்ணையில் ஒருவன் காலை ஒருவன் வாரிவிடுவது போல நடக்கிறது. ரோஸலிண்டேயாக வரும் லுட்மீலா மக்ஸகோவா, புகழ்பெற்ற ஆபரா பாடகி மரியா மக்ஸகோவாவின் மகள். அம்மாவின் உலகத்தை அருகிலிருந்து பார்த்தவர் என்பதாலோ என்னவோ, சீமாட்டி வேடத்தில் அவர் நடக்கிற நடையில் பாடகிகளைப் பற்றிய மெல்லிய கிண்டல் ஒன்று இருப்பதாக எனக்குப் படும். அடேலாக லரிசா உடோவிச்சென்கோ, ஆல்ஃப்ரெடாக ஒலேக் வீடோவ்.

இது மூலத்தின் மொழிபெயர்ப்பு அல்ல, மூலத்துக்குச் செய்த மரியாதை. 1947இல் நிக்கோலாய் எர்த்மனும் மிகயீல் வோல்பினும் எழுதிய ரஷ்ய வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. எர்த்மனின் நாடகம் ஒன்று மேடையேறும் முன்பே தடைசெய்யப்பட்டது; 1933இல் கைதாகி சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர் அவர். அந்தக் கையால் எழுதப்பட்ட உரையாடல் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், வேடம், பெயர் மாற்றம், தவறான ஆளைப் பிடித்துச் சிறையில் அடைப்பது ஆகியவற்றை வைத்து அடிக்கும் கேலிக்கு வேறொரு எடை வந்து சேரும். மூலத்தில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே இட்டு நிரப்பும் வசனம், இங்கே தானே முதலிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதனால் இழப்பும் உண்டு: ஸ்ட்ராவுஸின் இசை பல இடங்களில் அலங்காரமாகச் சுருங்கிவிடுகிறது. இசைக்காகப் பார்க்க விரும்புபவர் இதில் ஏமாறுவார்.

என் அளவுகோலில் மட்டும் இது முதலிடத்துக்கு மிக அருகில் வருகிறது. நடிகர்களுக்குக் கேமராவோடு பேசத் தெரியும். முகமூடிக்குப் பின்னால் இருக்கும் பெண்ணின் கண் என்ன நினைக்கிறது என்பதை ஒரு பார்வையில் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். கணவன் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்ற கேள்வியைப் படமே ‘அதுதானே வேடிக்கை’ என்று தூக்கிப்போட்டு விளையாடுகிறது. பிறகு ஏன் இரண்டாம் இடம் என்றால், ரஷ்ய வசனத்தின் சிலேடைகள் துணைவரிகளில் பாதியாவது சிந்திப்போய்விடுகின்றன; வசனமே உயிரான படத்துக்கு அது பெரிய இழப்பு.

ஐந்தாவதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது தொலைக்காட்சிப் படமே அல்ல. மைக்கேல் பவலும் எமரிக் பிரஸ்பர்கரும் 1955இல் திரையரங்குக்கு எடுத்த ‘ஓ... ரோஸலிண்டா!!’, கதையை நான்கு வல்லரசுகள் பங்குபோட்டு ஆண்ட, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வியன்னாவுக்கு நகர்த்துகிறது. ஐசென்ஸ்டைன் பிரெஞ்சு ராணுவ அதிகாரி, ஆல்ஃப்ரெட் அமெரிக்கர், ஃபிராங்க் ஆங்கிலேயர், இளவரசர் ஓர்லோஃப்ஸ்கி சோவியத் தளபதி! வௌவால் ஃபால்கே மட்டும் வியன்னாக்காரர், அந்த வேடத்தில் அன்டன் வால்ப்ரூக். அந்த நால்வர் ஆட்சி ஆஸ்திரியாவில் முடிவுக்கு வந்ததும் அதே 1955இல்தான். கற்பனை அபாரம், ஆனால் மூலத்தை அறிந்தவருக்கு மட்டுமே அதன் சுவை முழுமையாகத் தெரியும். அதனால் இது கடைசியில் பார்க்க வேண்டியது.

இந்த ஐந்தையும் பிரித்துக் காட்டும் இரண்டு வேடங்களைத் தனியே சொல்ல வேண்டும். ஒன்று, ஓர்லோஃப்ஸ்கி. எல்லாம் அலுத்துப்போன இந்தப் பணக்கார இளைஞன், தன் விருந்தில் குடிக்க மறுப்பவன் தலையில் பாட்டிலை எறிவேன் என்றும், அவரவர் ருசி அவரவர்க்கு என்றும் பாடுகிறான். ஸ்ட்ராவுஸ் இதை ஆண்வேடமிட்ட பெண்ணுக்காக எழுதினார். எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்த ‘சாவித்திரி’யை (1941) அறிந்த மரபில் வந்த நமக்கு இதில் வியக்க ஒன்றும் இல்லை. மியூனிக்கில் பிரிகிட்டே ஃபாஸ்பெண்டர் அப்படித்தான் வருகிறார். அவருடைய அலுத்த பார்வையும் திடீர் எரிச்சலும் இந்த வேடத்துக்கு இலக்கணம் என்று சொல்லத் தக்கவை. வேடம் போட்டவர்களுக்கு விருந்து வைப்பவரே வேடம் போட்டவர் என்பதால் முழு இரவுக்கும் ஒரு பொருத்தம் அமைந்துவிடுகிறது. 1972 படத்தில் இந்த வேடத்தை ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஆபராக்களில் பெயர்பெற்ற டெனர் (ஆண்குரலின் மேல்சுருதியில் பாடுபவர்) வோல்ஃப்காங் வின்ட்காசனுக்குக் கொடுத்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில், களைத்துப்போன ஒரு பெரிய மனிதராக அவர் சுவாரசியமாகத்தான் இருக்கிறார், ஆனால் இளைஞனின் அலுப்பு என்ற வேடிக்கை போய்விட்டது. அந்தப் படத்தில் எனக்கு உடன்பாடில்லாத ஒரே பெரிய முடிவு இதுதான். கோவென்ட் கார்டனில் யோஹென் கோவால்ஸ்கி ஆண்குரலிலேயே பெண்ணின் சுருதியில் பாடும் கவுண்டர் டெனராக வந்து, நடுவழி ஒன்றைக் காட்டினார்.

மற்றது ஃபிராஷ், மூன்றாம் அங்கத்துக் குடிகாரச் சிறைக்காவலன். அவனுக்குப் பாட்டே கிடையாது, பேச்சு மட்டும்தான். ஊரில் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகரை இதற்குப் போட்டு, அந்த வாரத்து அரசியலையும் அரங்கத்து ஊழல்களையும் கலந்து அவர் இஷ்டப்படி பேச விடுவது வழக்கம். நம் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வந்து உள்ளூர்ச் சங்கதிகளை இழுப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. பன்னிரண்டாம் நம்பர் அறையில் இருந்து ஆல்ஃப்ரெட் பாடிக்கொண்டே இருக்க, வாயை மூடச் சொல்லி இவன் கத்திக்கொண்டே இருப்பான். 1972 படத்தில் இயக்குநர் ஷெங்கே இந்த வேடத்தில் நடித்திருக்கிறார். அவர் பேசும் வியன்னாக் கொச்சையில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பில் தொலைந்தாலும், தொப்பி மாட்டும் ஆணியைத் தேடித் தடுமாறும் குடிகார உடம்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மேடைப் பதிவுகளில் இந்த இடம்தான் பிறமொழிக்காரர்களுக்குக் கொட்டாவி வரும் இடம். அரங்கம் சிரிக்கும், நாம் கீழே ஓடும் வரியைப் படித்துக்கொண்டிருப்போம்.

ஆகவே, கதையே தெரியாதவர்கள், குடும்பத்தோடு பார்ப்பவர்கள், ஜெர்மனும் ரஷ்யமும் அறியாதவர்கள் 1972 படத்தில் தொடங்கலாம். இசை பயின்றவர்கள், ஏற்கெனவே ஒருமுறை கதையைக் கேட்டவர்கள் மியூனிக் பதிவுக்குப் போகலாம். சோவியத் படத்தை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்வது நல்லது. மூலத்தின் எலும்பைத் தெரிந்துகொண்டால்தான் எர்த்மன் எதைத் திருகியிருக்கிறார் என்பது தெரியும். பழைய ஆபரா ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்பவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களுக்குச் சதர்லண்டின் இரவைத் தனியாகப் போட்டுக் கொடுங்கள், கண் கலங்குவார்கள்.

நடைமுறையில் இன்னும் ஒன்று. தொலைக்காட்சிக்காக எடுத்த இந்த நான்கும் பழைய சதுரத் திரைக்காக எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத் தொலைக்காட்சியில் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். அதைப் போக்குகிறேன் என்று படத்தை இழுத்து நீட்டினால் எல்லோரும் பூசணிக்காய் போல ஆகிவிடுவார்கள். பட்டை இருக்கட்டும் என்று விட்டுவிடுவதே உத்தமம்.

நான் இப்போது செய்வது ஒரு கலப்பு முறை. முன்னிசையை மட்டும் க்ளைபரிடம் எட்டு நிமிடம் கேட்டுவிட்டு, திரை விலகும் இடத்தில் நிறுத்தி, 1972 படத்தை முன்னிசை கழித்து ஓடவிடுகிறேன். சென்ற முறை அத்தை வந்திருந்தபோது இப்படித்தான் போட்டேன். போன தடவை பார்த்த அதே கதை என்று சொல்லவில்லை. கடிகாரப் பாட்டு வந்ததும் எழுந்து போகாமல் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தவர், பாட்டு முடிந்ததும், “அந்தக் கடிகாரத்தை அவ எங்கேடா ஒளிச்சா? நான் சரியாப் பார்க்கலை, திரும்பப் போடு” என்றார்.